கடைசி வரிசைப் பெயர்கள்

2024ஆம் ஆண்டு நவம்பர் 24, 25 ஆகிய இரு நாட்களில் சவூதி அரேபியாவின் ஜெத்தா நகரில் 182 கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் மொத்தம் 639 கோடியே 15 இலட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுக்கப்பட்டனர். ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனதைப் பற்றி நாடே பேசிற்று. எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலும் அதே பேச்சுத்தான். எனக்கோ அந்தப் பட்டியலின் தலையைவிட வாலின்மீதுதான் எப்போதும் ஆர்வம். இரண்டாம் நாள் இரவில், பாதிப் பேர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உறங்கப் போன பின்பு, 30 இலட்சம் என்ற அடிப்படை விலைக்கு எதிர்ப்பே இன்றி எடுக்கப்படும் பெயர்கள் சில உண்டு. அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த ஏலம் வரை அவர்கள் எங்கே ஆடுகிறார்கள், எத்தனை ஓட்டம் எடுக்கிறார்கள், யாருக்குக் காயம் என்று பின்தொடர்ந்து வருவது என் வழக்கம்.

இந்த முறை சென்னை சூப்பர் கிங்ஸ் அணி புதிதாக எடுத்த இருபது பேரில் ஆறு இளைஞர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டேன். அரியானாவின் அன்ஷுல் கம்போஜ், 3 கோடியே 40 இலட்சம். தமிழக அணிக்காக ஆடும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங், 2 கோடியே 20 இலட்சம். தில்லியின் வன்ஷ் பேடி, 55 இலட்சம். குண்டூரைச் சேர்ந்த ஷேக் ரஷீத், மராட்டியத்தின் ராமகிருஷ்ண கோஷ், நம் தமிழகத்தின் சி. ஆந்த்ரே சித்தார்த் ஆகிய மூவரும் தலா 30 இலட்சம். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு இது என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் வீட்டிலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

நான் செய்வதற்கு அமெரிக்காவில் ஒரு பெரும் மரபே இருக்கிறது என்பதை, நியூ ஜெர்சியில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர்தான் சொன்னார். அங்கே பேஸ்பால் ஆட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் பள்ளி, கல்லூரி இளைஞர்களை அணிகள் சுற்றுமுறையில் தெரிவு செய்கின்றன. முப்பது அணிகள், இப்போது இருபது சுற்றுகள். தெரிவான இளைஞன் உடனே பெரிய அணிக்கு ஆடப் போவதில்லை. அந்த அணிக்கென்றே கீழே படிப்படியாகத் துணை அணிகள் இருக்கின்றன. ஒற்றை ஏ, உயர் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று பெயர். சிற்றூர்களின் சிறிய அரங்குகளில் ஆடி, நீண்ட பேருந்துப் பயணங்களில் உறங்கி, ஆண்டுக்கு ஒரு படியாக மேலேற வேண்டும். பெரும்பாலோர் மேலே வந்து சேர்வதே இல்லை. அவர்களையும் பெயர் பெயராகக் கணக்கு வைத்துப் பின்தொடரும் இரசிகர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டாம். மைக் பியாஸா என்பவர் 1988ஆம் ஆண்டுத் தெரிவில் 62ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். ஏறக்குறைய ஒரு தயவுக்காக எடுக்கப்பட்ட பெயர் அது. 2016இல் அவர் அந்த ஆட்டத்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். கடைசி வரிசைப் பெயர்களைக் கவனிப்பவனுக்கு இத்தகைய கதை ஒன்று கிடைத்தால் போதும். பத்தாண்டுக் காலம் அதிலேயே ஓடிவிடும்.

அந்தப் படிக்கட்டில் இரண்டு இந்தியர்களும் ஏறிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியே கண்டெடுக்கப்பட்ட ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற உத்தரப் பிரதேச ஈட்டி எறிவீரர்கள் 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தமாயினர். தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு கீழ்ப்படிகளிலேயே மேலும் சில ஆண்டுகள் ஆடி, காயங்களால் முடங்கி, பிற்காலத்தில் தொழில்முறை மற்போருக்குப் போய்விட்டார். இருவரும் உச்சிப்படியைத் தொடவில்லை. ஆயினும் அவர்கள் ஏறிய படிகளின் கணக்கு இன்றும் இருக்கிறது.

நம் ஐபிஎல் முறையில் அந்தப் படிக்கட்டு இல்லை. அணி இளைஞனை வாங்குகிறது. தன் செலவில் அவனை ஐந்தாண்டு வளர்ப்பதற்கான கீழணி எதையும் அது நடத்துவதில்லை. இரண்டு மாதங்கள் உடன் வைத்திருந்து, ஆட விட்டாலும் விடலாம், ஓரத்து இருக்கையில் அமர்த்தினாலும் அமர்த்தலாம். மீதிப் பத்து மாதங்கள் அவனை வளர்ப்பது மாநிலச் சங்கமும், சங்கத்தின் கீழ் இயங்கும் கழகங்களும், அலுவலக அணிகளும்தான். சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் ஆட்டங்கள் பல பிரிவுகளாக நடக்கின்றன. உச்சியில் பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்கான முதற்பிரிவு. அதற்குக் கீழே இரண்டு, மூன்று, நான்கு என்று இறங்கிக்கொண்டே போகும். கீழ்ப்பிரிவுகளின் ஆட்டங்களுக்குப் பார்வையாளர் என்று எவரும் இரார். மதிப்பெண் எழுதுபவரும், அடுத்து மட்டை பிடிக்கக் காத்திருப்பவர்களும், மரத்தடியில் ஒரு நாயும்தான் இருப்பார்கள். நம் ஊரின் உண்மையான படிக்கட்டு அதுவே.

நான் பிறந்து வளர்ந்த யானைக்கவுனியை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். கவுனி என்றால் கோட்டை வாயில். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாயில்களுள் ஒன்று எங்கள் ஊர்ப்பெயராக எஞ்சி நிற்கிறது. மதில் போயிற்று. யானையும் இல்லை. மதிலுக்கென வரி கேட்ட நினைவு மட்டும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருபுறம் சௌகார்பேட்டையின் மொத்த வியாபாரம், மறுபுறம் இரயில் தண்டவாளங்கள். சிறுவர்கள் ஓடியாட ஒரு கையகல நிலம் கிடையாது. கடைகள் அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில், மூட்டைகள் ஏற்றாத தள்ளுவண்டியை விக்கெட்டாக நிறுத்தி ஆடியவர்கள் நாங்கள். பந்து மாடிக்குப் போனால் ஆட்டக்காரன் அவுட். பந்தும் திரும்பாது.

ஆனால் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில், பெரியமேட்டில், ஒரு பெரிய அரங்கம் இருந்தது. இன்று நேரு விளையாட்டரங்கம் என்று கால்பந்துக்காக அறியப்படும் அவ்விடத்தில்தான் 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் நடைபெற்றன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தது அங்கேதான். அந்த உலகச் சாதனை 52 ஆண்டுகள் நிலைத்தது. பின்னர் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிற்று. அதன்பின் வடசென்னைக்குக் கால்பந்தும் குத்துச்சண்டையும் கேரமும் எஞ்சின. கிரிக்கெட் வேண்டுமென்றால் பேருந்து ஏறித் தெற்கே போக வேண்டும்.

அப்படிப் பேருந்து ஏறியவர் என் அண்ணன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்றாம் பிரிவு அணி ஒன்றுக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஞாயிறு மாலை அவர் வீடு திரும்பியதும் நான் கேட்கும் முதற்கேள்வி, எத்தனை ஓவர், எத்தனை விக்கெட் என்பதுதான். அம்மா கேட்கும் முதற்கேள்வி, சாப்பிட்டாயா என்பது. இரண்டுக்கும் விடை வாங்கிக்கொண்டு, பள்ளிக் கணக்குக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஓவர், மெய்டன், ஓட்டம், விக்கெட் என்று நான்கு கட்டங்கள் போட்டு எழுதுவேன். ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்து ஓரத்தில், பொடி எழுத்தில் லீக் ஆட்ட முடிவுகள் வரும். நான்கு விக்கெட்டாவது எடுத்தால்தான் பெயர் வரும். வந்த நாட்களில் அந்தத் துணுக்கைக் கத்தரித்து ஒட்டுவேன். மூன்று பருவங்களில் ஏழு துணுக்குகள் சேர்ந்தன.

அக்காலத்து வடசென்னையில் விளையாட்டு என்றால் வேலை என்று பொருள். எங்களில் எவரும் இந்திய அணியைக் கனவு கண்டதில்லை. துறைமுகம், இரயில்வே, வங்கி, தொழிற்சாலை என்று ஏதாவது ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு எழுத்தர் பணி, மாதச் சம்பளம், பிற்பகலில் பயிற்சிக்கு அனுமதி. இவைதாம் கனவின் எல்லை. கால்பந்து ஆடியவர்களும் குத்துச்சண்டை பயின்றவர்களும் அந்த வாயிலைப் பார்த்துத்தான் ஓடினார்கள். இன்றைய இளைஞனுக்கு ஏலம் எப்படியோ, அப்படித்தான் அன்றைய இளைஞனுக்கு அந்தத் தேர்வாட்டம். அண்ணனும் ஒரு பெரிய நிறுவனத்தின் தேர்வாட்டத்துக்குப் போய் வந்தார். இருபது ஓவர் வீசச் சொன்னார்களாம். நன்றாக வீசியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கடிதம் வரும் என்று அனுப்பிவைத்தார்கள்.

கடிதம் வரவில்லை. அதை நான் நீட்டி எழுதப் போவதில்லை. தபால்காரர் வரும் வேளையில் அண்ணன் வாசலில் நிற்பதும், நிற்பது பிறர் கண்ணில் படாதிருக்கத் தெருக்குழாயில் கால் கழுவுவதும் இரண்டு ஆண்டுகள் நடந்தன. பின்னர் அவர் ஆண்டர்சன் தெருவில் ஒரு காகித மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

சங்க இலக்கியத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஒரு பெண்பாற் புலவரிடம் என் மனம் தங்கிவிடும். புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய பாடல்களைப் பாடிய நக்கண்ணையார். பெருங்கோழி நாய்கன் மகள் என்று பழைய குறிப்பு சொல்கிறது. உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் பெருநற்கிள்ளி தந்தையோடு பகைத்து, நாடு நீங்கி வறுமையில் இருக்கிறான். முக்காவல் நாட்டு ஆமூரில் பேர்பெற்ற மல்லன் ஒருவனோடு பொருதுகிறான். அரசனாகிவிட்ட கிள்ளியை அவர் பாடவில்லை. இன்னும் ஒன்றும் ஆகாத கிள்ளியைப் பாடுகிறார். வெற்றி அவனுடையது என்று ஊரில் ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை என்கிறார்கள் மறுசாரார். இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாமல் அவள் சிலம்பொலிக்க ஓடி, தன் வீட்டுப் பனைமரத்தைப் பற்றி நின்று தானே பார்க்கிறாள். இரசிகர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு முந்தைய மூன்று பாடல்களைப் பாடிய சாத்தந்தையார் வேறொன்றைச் சொல்கிறார். மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இந்தப் போரை அவன் தந்தை தித்தன் பார்க்க வேண்டும் என்கிறார். இளைஞன் ஒருவன் தன் திறனைக் காட்டும்போது அதைக் காண வேண்டியவர் காணவில்லையே என்ற தவிப்பு அது. ஆளற்ற மைதானத்தில் வீசப்பட்ட ஒவ்வொரு நல்ல பந்துக்கும் அந்தத் தவிப்பு பொருந்தும்.

இனி என் ஆறு பெயர்களின் கதைக்கு வருகிறேன்.

அன்ஷுல் கம்போஜ் ஏலத்துக்குச் சில நாட்கள் முன்னர் லாஹ்லியில் கேரளத்துக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட்டுகளையும் 49 ஓட்டங்களுக்கு எடுத்திருந்தார். ரஞ்சி வரலாற்றில் அதற்கு முன்பு அதைச் செய்தவர்கள் இருவரே. 1956-57இல் வங்காளத்தின் பிரேமாங்சு சாட்டர்ஜி, 1985-86இல் இராஜஸ்தானின் பிரதீப் சுந்தரம். அந்த இருவரும் இந்தியாவுக்காக ஆடியதில்லை. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று தாம் படைத்த ஓர் உவமையாலேயே பெயர்பெற்ற புலவர்கள் உண்டல்லவா? இயற்பெயர் அழிந்து, ஒரு தொடர் மட்டும் நின்றுவிட்டது. சாட்டர்ஜியும் சுந்தரமும் கிரிக்கெட்டின் செம்புலப்பெயனீரார்கள். கம்போஜ் அந்த வரிசையோடு நின்றுவிடவில்லை. 2025 ஐபிஎல்லில் ஆடினார். அவ்வாண்டு ஜூலையில் மான்செஸ்டரில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் அரங்கேற்றமும் கண்டார். 94 ஓட்டங்களில் நின்ற பென் டக்கெட்டை வீழ்த்தியது அவருடைய முதல் டெஸ்ட் விக்கெட்.

குர்ஜப்னீத் பஞ்சாபில் பிறந்து, பதின்பருவத்தில் கிரிக்கெட்டுக்காகச் சென்னைக்கு வந்தவர். 2024 அக்டோபரில் கோயம்புத்தூரில் சௌராஷ்டிரத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 22 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். வீழ்ந்தவர்களுள் புஜாராவும் ஒருவர், ஓட்டம் ஏதும் எடுக்காமல். அவரது பந்துவீச்சை மஞ்சள் சட்டையில் காணலாம் என்று காத்திருந்தேன். 2025 ஏப்ரலில், ஓர் ஆட்டம்கூட ஆடாமல், காயத்தால் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ். வந்தவர் விளாசிய விளாசலில் சேப்பாக்கம் துள்ளிற்று. யாருடைய இருக்கையில் அவர் அமர்ந்திருக்கிறார் என்பதை நினைத்தவர் அரங்கில் எத்தனை பேர்?

வன்ஷ் பேடியின் கதையும் அதுவே. கணுக்காலில் தசைநார் கிழிந்து அவர் விலக, உர்வில் பட்டேல் வந்தார். இந்த உர்விலை ஜெத்தாவில் எவரும் வாங்கவில்லை. வாங்காத இரண்டே நாட்களில், 2024 நவம்பர் 27 அன்று, இந்தூரில் திரிபுராவுக்கு எதிராக 28 பந்துகளில் நூறடித்தார். நூற்றுக்கணக்கான கோடி செலவிட்ட மேசைகள் அப்போதுதான் கலைந்திருந்தன. கைகொட்டிச் சிரிக்கத் தோன்றியது எனக்கு. தலைவர் ருதுராஜ் காயமுற்றபோது அவருக்கு மாற்றாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரேயும் ஏலத்தில் எவரும் எடுக்காத சிறுவன்தான். 2025 மே 3 அன்று பெங்களூரில் 48 பந்துகளில் 94 அடித்தான். ஆட்டத்தில் சென்னை இரண்டே ஓட்டங்களில் தோற்றது. அந்த ஆண்டு சென்னை அணி முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தது. மூத்தவர்கள் சரிந்த பின்பே இளையவர்களுக்கு வழி திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஷேக் ரஷீத் 2023 முதல் அணியோடு இருந்தவர். 2025 ஏப்ரல் 14 அன்று இலக்னோவில் முதல் வாய்ப்பு. 19 பந்துகளில் 27. மேலும் சில ஆட்டங்கள், பிறகு மீண்டும் ஓரத்து இருக்கை.

ஆந்த்ரே சித்தார்த்தைத்தான் நான் மிக நெருக்கமாகப் பின்தொடர்ந்தேன். ஏலத்தின்போது அவருக்கு வயது 18. அந்த ரஞ்சிப் பருவத்தில் தமிழகத்துக்காக அறிமுகமாகி, 2025 ஜனவரியில் சேலத்தில் சண்டிகருக்கு எதிராக முதல் சதம் அடித்து, 600 ஓட்டங்களுக்கு மேல் சேர்த்தார். இரண்டு தலைமுறைகளாகத் தமிழக மட்டையாளர்களைப் பார்த்து வருபவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த பருவம் அது. ஐபிஎல்லில் ஓர் ஆட்டமும் அவருக்குத் தரப்படவில்லை. பதினான்கு ஆட்டங்கள். ஒவ்வொரு முறையும் பதினொருவர் பட்டியல் வந்ததும் என் கண் அந்தப் பெயரைத் தேடும். தண்ணீர்ப் புட்டியோடு ஓடிவரும் உருவங்களில் அவரை அடையாளம் காண முயல்வேன்.

2025 நவம்பர் 15 அன்று அணிகள் தக்கவைத்தவர், விடுவித்தவர் பட்டியல்களை வெளியிட்டன. கம்போஜ், குர்ஜப்னீத், ராமகிருஷ்ண கோஷ் மூவரும் தக்கவைக்கப்பட்டனர். பேடி, ரஷீத், ஆந்த்ரே சித்தார்த் மூவரும் விடுவிக்கப்பட்டனர். ஆறில் மூன்று. எங்கள் பல்கலைக்கழகத் தேர்வுகளைக் காட்டிலும் மோசமான விகிதம் அல்ல.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். குறிப்பேட்டில் மூன்று பெயர்களுக்கு எதிரே நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டார். ஓர் ஆட்டம்கூடத் தராமல் அந்தப் பையனை அனுப்பிவிட்டார்கள் என்று நான் சற்றுக் கோபமாகவே சொன்னேன். அவர் குறிப்பேட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“அனுப்பிட்டோம்னு பேரு போட்டு சொல்லிட்டாங்க இல்ல? அதுவே பெருசுடா. எனக்கு எவனும் வேணாம்னுகூட சொல்லல” என்றார்.

சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தார். முப்பது ஆண்டுகளில் அந்தத் தேர்வாட்டத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஏலத்தை நான் பார்க்கும் பார்வை சிறிது மாறியிருக்கிறது. மனிதரை விலை கூறி எடுப்பது குறித்துப் பலரும் முகம் சுளிப்பார்கள். நியாயமான சுளிப்புத்தான். ஆயினும் அந்தச் சந்தை ஒன்றைச் செய்கிறது. இன்ன நாளில், இன்ன பெயர், வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஊரறிய அறிவித்துவிடுகிறது. விடுவிக்கப்பட்டவன் மறுநாள் காலை வேறு வாயிலைத் தட்டலாம். சாய் கிஷோர் 2020, 2021 என்று இரண்டு பருவங்கள் சென்னை அணியில் ஓர் ஆட்டமும் இன்றி அமர்ந்திருந்தவர். 2022இல் குஜராத் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. அவ்வாண்டே கோப்பையையும் வென்றது. ஜெகதீசன் 2022 நவம்பரில் சென்னை அணியால் விடுவிக்கப்பட்ட ஒரு வாரத்துக்குள் விஜய் ஹசாரே ஆட்டமொன்றில் 277 ஓட்டங்கள் குவித்தார். நடராஜன் 3 கோடியிலிருந்து 40 இலட்சத்துக்கு இறங்கி, வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராக ஆஸ்திரேலியா போய், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டக்காரராக நின்றார். சாய் சுதர்சனை 2022இல் குஜராத் எடுத்த விலை 20 இலட்சம். மறு ஆண்டு நம் டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்குத் தந்த 21 இலட்சத்து 60 ஆயிரத்தைவிடக் குறைவு. அவரே 2025 ஐபிஎல்லில் 759 ஓட்டங்களோடு முதலிடத்தில் நின்றார். ‘இல்லை’ என்ற சொல் தெளிவாகச் சொல்லப்பட்டால் மனிதன் அதன்மேல் கால் வைத்து ஏற முடியும். சொல்லப்படாத ‘இல்லை’தான் காலத்தைத் தின்கிறது.

இதை நான் கிரிக்கெட்டுக்காக மட்டும் எழுதவில்லை. என் வகுப்பில், இரண்டாமாண்டு வணிகவியலில், தண்டையார்பேட்டையிலிருந்து வரும் மாணவர் ஒருவர் இருக்கிறார். தந்தை காசிமேட்டில் ஐஸ் உடைத்து ஏற்றும் தொழிலாளி. பையன் கீழ்ப்பிரிவு அணி ஒன்றின் வேகப்பந்து வீச்சாளர். பொதுத்தமிழ் வகுப்புக்கு வருகைப்பதிவு குறைந்ததால் என்னிடம் வந்தவர், ஆட்ட விவரம் கேட்கும் ஓர் ஆசிரியர் கிடைத்த வியப்பில் அடிக்கடி வரத் தொடங்கினார். இப்போது என் குறிப்பேட்டில் அவருக்கும் நான்கு கட்டங்கள் உண்டு. டிசம்பரில் ஒருநாள் வந்து, “ஐயா, இன்னும் எத்தன வருசம் பாக்கலாம்?” என்று கேட்டார்.

முயற்சி திருவினையாக்கும் என்று சொல்லி அனுப்புவது ஆசிரியர்களுக்கு எளிது. எனக்கு அது வாய்க்கவில்லை. அவரிடம் மூன்று சொன்னேன். பட்டத்தை விட்டுவிடாதே, வருகைக்கு வேண்டியதை நாம் சேர்ந்து பார்ப்போம். அடுத்த இரண்டு பருவங்களுக்குள் மேற்பிரிவு அணி ஒன்று அழைக்க வேண்டும் என்று நீயே ஒரு நாள் குறித்துக்கொள். மூன்றாவது, பருவம் முடிந்ததும் உன் அணியின் செயலரிடம் போய், அடுத்த ஆண்டு நான் வேண்டுமா வேண்டாமா என்று நேராகக் கேள், விடை வாங்காமல் திரும்பாதே. மூன்றாவதைக் கேட்டதும் அவர் தயங்கினார்.

“அப்படிலாம் கேக்கலாமா ஐயா? கோச்சுக்க மாட்டாங்களா?”

கேட்கலாம் என்றேன். பெரிய இடங்களுக்கு இளைஞர்களைக் காக்க வைப்பதில் எந்தச் செலவும் இல்லை. செலவெல்லாம் காத்திருப்பவனுக்கே. ஆகவே கேட்கும் உரிமையும் அவனுக்கே.

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் அடுத்த ஏலம் நடந்தது. பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களைச் சென்னை அணி தலா 14 கோடியே 20 இலட்சத்துக்கு எடுத்தது. எந்த நாட்டு அணிக்கும் ஆடாத எவருக்கும் அதுவரை தரப்படாத விலை. இருவரின் அடிப்படை விலையும் 30 இலட்சம்தான். அவர்களை இனி நாடே பின்தொடரும், என் உதவி தேவையில்லை. நான் வழக்கம்போல அடிவரிசைப் பெயர்களை எழுதிக்கொண்டேன். விடுவிக்கப்பட்ட மூவரின் பக்கங்களையும் கிழிக்கவில்லை. ஆந்த்ரே சித்தார்த்துக்கு 19 வயதுதான் ஆகிறது. சேலத்தில் அவர் அடித்த நூறை எந்தப் பட்டியலாலும் விடுவிக்க முடியாது.

மாணவரின் அணிக்குச் சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று ஆட்டம் இருந்தது. அண்ணனை அழைத்தேன். முதலில் மறுத்தவர், பிறகு வந்தார். மதிப்பெண் எழுதுபவரின் மேசைக்கு அருகே இரண்டு நெகிழி நாற்காலிகள் கிடைத்தன. பையன் பதினோரு ஓவர் வீசி மூன்று விக்கெட் எடுத்தான். இடைவேளையில் அண்ணன் எழுந்து போய் அவனிடம் ஏதோ சொல்லி, கையை உயர்த்தி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். வேகப்பந்து வீச்சாளனுக்குச் சுழற்பந்துக்காரர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பையன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் நான்கு கட்டங்களையும் நிரப்பினேன்.